எரிக்காம விட்ட டைரி: எதிரி நாட்டுக்குப் போன ரெண்டு பயணம்

1/
எங்க ஹாஸ்பிடல் சிஸ்டர் ஒருத்தங்க சமீபத்துல குடும்பத்தோட வியட்நாம் டூர் போயிட்டு வந்தாங்க. ஹா லாங் விரிகுடா போட்டோ, கு ச்சி சுரங்கம் போட்டோ எல்லாம் காட்டிட்டு ஒரு கேள்வி கேட்டாங்க.

"சார், அந்தச் சுரங்கத்துல எங்களுக்கு முன்னாடி வரிசையில நின்னவங்க எல்லாம் அமெரிக்காக்காரங்க. இவங்கதானே அந்த ஊர் மேல குண்டு போட்டது? எப்படி சார் உள்ள விடறாங்க? இவங்களுக்கும் எப்படிப் போக மனசு வருது?"

2/
நல்ல கேள்வி. அன்னைக்கு ஓ.பி. கூட்டத்துல பதில் சொல்ல நேரம் கிடைக்கல. "விசா கிடைக்குது, போறாங்க" என்பது பாதி பதில்தான். மீதிப் பாதிக்கு ஒரு டாக்டரோட கதையைச் சொல்லணும். 27 வயசுல இறந்துபோன ஒரு பெண் டாக்டர்.

நீளமான த்ரெட். ஒரு டீயோட உக்காந்து படிங்க.

3/
அவங்க பேரு டாங் துய் ட்ராம். வீட்டுல கூப்பிடறது துய். 1942ல ஹுவே நகரத்துல பிறந்து, ஹனோய்ல வளர்ந்தவங்க. அப்பா சர்ஜன். அம்மா டோவான் ஙோக் ட்ராம், பார்மசி கல்லூரி ஆசிரியர், மூலிகைகள்ல நிபுணர். அஞ்சு பிள்ளைகள்ல துய்தான் மூத்தவங்க. 1966ல ஹனோய்ல மருத்துவப் படிப்பு முடிச்சாங்க. பயிற்சி எடுத்தது கண் மருத்துவத்துல.

4/
அப்போ வியட்நாம் ரெண்டு நாடு. 1954 ஜெனீவா ஒப்பந்தப்படி 17வது அட்சரேகையை ஒட்டி, பென் ஹாய் ஆறு எல்லையாச்சு. வடக்கே ஹோ சி மின்னோட கம்யூனிஸ்ட் அரசு. தெற்கே அமெரிக்கா ஆதரிச்ச அரசு. 1956ல தேர்தல் வச்சு ஒண்ணாக்கலாம்னு பேச்சு. அந்தத் தேர்தல் நடக்கவே இல்ல. போர் வந்துச்சு. 1965ல அமெரிக்கத் தரைப்படை டா நாங்ல வந்து இறங்குச்சு.

5/
சர்ஜன் வீட்டுப் பொண்ணு, ஹனோய்லயே நல்ல வேலையில இருந்திருக்கலாம். துய் தெற்கே போறேன்னு தானா முன்வந்தாங்க. 1966 டிசம்பர்ல கிளம்பி, ஹோ சி மின் பாதையில, மலைக்காடு வழியா சுமார் மூணு மாசம் நடை. 1967 மார்ச்ல குவாங் ஙாய் மாகாணம் போய்ச் சேர்ந்தாங்க. அங்க டுக் ஃபோ மாவட்டத்து மருத்துவமனைப் பொறுப்பு அவங்க கையில.

இந்தக் கதையில முதல்ல எல்லை தாண்டினவங்க அவங்கதான். தெற்கு அரசோட கணக்குல அவங்க எதிரி நாட்டுலருந்து உள்ள வந்தவங்க.

6/
மருத்துவமனைன்னதும் கட்டடத்தை நினைக்காதீங்க. காட்டுக்குள்ள குடிசை, பக்கத்துல பதுங்குகுழி. ராணுவம் நெருங்கினா நோயாளிகளைத் தூக்கிட்டு வேற இடத்துக்கு ஓடணும், அங்க போய் மறுபடி குடிசை போடணும்.

அங்க இருந்துதான் துய் டைரி எழுதினாங்க. நமக்குக் கிடைச்சிருக்கிற முதல் பதிவு 1968 ஏப்ரல் 8. அதுல இருக்கிறது ஒரு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். மயக்க மருந்துன்னு கையில இருந்தது சில நோவோகெய்ன் குப்பிகள்தான்.

7/
இதைப் படிச்சப்போ எனக்கு வயிறு பிசைஞ்சுது. ஏன்னு சொல்றேன்.

நோவோகெய்ன் ஊசி போட்ட இடம்தான் மரத்துப்போகும். தோல், சதை வரைக்கும் சமாளிக்கலாம். ஆனா அப்பெண்டிக்ஸைப் பிடிச்சு வெளிய இழுக்கும்போது வர்ற வலி வேற மாதிரி. வயித்தைப் பிரட்டும், வாந்தி வரும், நாடித்துடிப்பு இறங்கும். அந்த ஊசி இந்த வலியைத் தடுக்காது. இன்னைக்கு நம்ம தாலுகா ஆஸ்பத்திரியிலகூட முதுகுல ஊசி போட்டு, அனஸ்தடிஸ்ட் பக்கத்துல நிக்கத்தான் இதைச் செய்யறோம். துய் அதைச் செஞ்சது 25 வயசுல, காட்டுக்குள்ள. படிச்சது கண் டாக்டருக்கு.

8/
1969 ஜூலையில இன்னொரு பதிவு. பாஸ்பரஸ் குண்டுல எரிஞ்ச ஒரு இளைஞனைத் தூக்கிட்டு வர்றாங்க. அடிபட்டு ரொம்ப நேரம் கழிச்சும் உடம்புலருந்து புகை வந்துட்டே இருந்துச்சு.

வெள்ளைப் பாஸ்பரஸ் காத்து பட்டாலே எரியும். சதைக்குள்ள புதைஞ்ச துகளை ஒவ்வொண்ணா எடுக்கணும், அதுவரைக்கும் ஈரத்துணியால மூடியே வச்சிருக்கணும், காய்ஞ்சா மறுபடி பத்திக்கும். இதையெல்லாம் எதை வச்சுச் செஞ்சிருப்பாங்கன்னு யோசிச்சா தூக்கம் வராது.

9/
டைரி முழுக்க மருத்துவம்னு நினைக்காதீங்க. அம்மா ஏக்கம் இருக்கு. எம் என்ற எழுத்தால மட்டும் குறிப்பிடற பழைய காதலனைப் பத்தின வருத்தம் இருக்கு. வசதியான படிச்ச குடும்பத்துப் பொண்ணுங்கிறதால கட்சியில சேர்த்துக்கத் தாமதப்படுத்தறாங்கன்னு கோபம் இருக்கு (1968 செப்டம்பர்லதான் உறுப்பினர் ஆனாங்க).

அமெரிக்கர்கள் மேல வெறுப்பும் இருக்கு. அதை அவங்க மறைக்கவே இல்ல. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

10/
அந்த வெறுப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு புரிய ஒரு தகவல் போதும். துய் வேலை பார்த்த அதே குவாங் ஙாய் மாகாணத்துலதான் மை லாய் இருக்கு. 1968 மார்ச் 16. அமெரிக்க வீரர்கள் ஒரே காலையில அந்த ஊர்ப்பக்கம் கொன்னது, வியட்நாம் கணக்குப்படி, 504 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவங்க.

துய் டைரியோட முதல் பதிவுக்கு மூணு வாரம் முன்னாடி நடந்தது இது.

11/
1970 ஜூன். மருத்துவமனை மேல மறுபடி மறுபடி குண்டு விழுது. நகர்த்த முடிஞ்சவங்களை எல்லாம் வேற இடத்துக்கு அனுப்பிட்டாங்க. நகர்த்த முடியாத அஞ்சு நோயாளிகள், மூணு பெண் பணியாளர்கள், துய். இவங்க மட்டும் பாக்கி. சாப்பாடும் தீர்ந்துட்டு வருது. கடைசிப் பதிவு ஜூன் 20.

ஜூன் 22ல துய் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. தோட்டா நெத்தியில பட்டது. உள்ளூர் மக்கள்தான் அடக்கம் பண்ணினாங்க.

12/
இனி அந்தப் பக்கம் போவோம்.

ஃப்ரெட் வைட்ஹர்ஸ்ட். இருபதுகளோட தொடக்கத்துல இருந்த அமெரிக்க ராணுவ உளவுப்பிரிவு ஆள். டுக் ஃபோ முகாம்ல வேலை. எதிரிகிட்ட கைப்பற்றின காகிதங்களைப் பார்த்து, ராணுவத்துக்குப் பயன்படறதை மேல அனுப்பணும், மத்ததை எரிக்கணும். கூட ஒரு மொழிபெயர்ப்பாளர், பேரு ஹியு, தெற்கு வியட்நாம் ராணுவ சார்ஜென்ட்.

13/
துய்யோட ஒரு நோட்டு 1969 டிசம்பர்ல அமெரிக்கப் படை கையில சிக்கினது. இன்னொண்ணு அவங்க இறந்த பிறகு கிடைச்சது. ராணுவ ரகசியம் எதுவும் இல்லாத, ஒரு பொண்ணு எழுதின நோட்டு. விதிப்படி எரிக்க வேண்டியது.

ஹியு தடுத்தார். இதை எரிக்காதே, இதுக்குள்ள ஏற்கனவே நெருப்பு இருக்குங்கிற அர்த்தத்துல அவர் சொன்னதா ஃப்ரெட் பின்னாடி சொல்லியிருக்கார். அப்புறம் ராத்திரிகள்ல ஹியு படிச்சு மொழிபெயர்க்க, ஃப்ரெட் கேட்டுட்டு இருந்தார்.

14/
இங்க ஒரு நிமிஷம் நிக்கணும்.

ஹியுவும் துய்யும் ஒரே மொழி பேசறவங்க. ஆனா எதிரிகள். ஹியு பக்கம் ஜெயிச்சிருந்தா துய் தோத்திருப்பாங்க. நடந்தது தலைகீழ். அந்த நோட்டுல இருந்த வார்த்தைகள் ஹியு மாதிரி ஆளுங்களுக்கும் எதிரானதுதான். அதைப் படிச்சுப் புரிஞ்சுகிட்டுத்தான் அவர் எரிக்க வேணாம்னார். இந்தக் கதையில முதல் அடி எடுத்து வச்சவர் அவர்தான், ஃப்ரெட் இல்ல.

15/
என் கதை ஒண்ணு சொல்லணும். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு ராத்திரி, ரோட்டோரம் வண்டி அடிச்ச ஒருத்தரை 108ல கொண்டு வந்தாங்க. பேர் தெரியாது, கூட ஆள் இல்ல. வடக்குலருந்து வேலைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். சட்டையைக் கத்தரிச்சு எடுத்தப்போ பாக்கெட்ல மடிச்ச ஒரு காகிதம். ஏதோ ஒரு வடமொழி எழுத்துல, ரெண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தது. வார்டுல யாருக்கும் படிக்கத் தெரியல.

16/
விடியறதுக்கு முன்னாடி அவர் இறந்துட்டார். ரத்தம் ஊறின துணியெல்லாம் மஞ்சள் பைக்குள்ள போச்சு. அந்தக் காகிதமும். போட்டது நான்தான். மஞ்சள் பை எங்க போகும்னு மருத்துவமனையில வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். எரிக்கிறதுக்கு.

ரெண்டு நாள் கழிச்சு போலீஸ்காரர் வந்து, "பாக்கெட்ல ஏதாவது இருந்துச்சா டாக்டர்? ஊர், பேரு கண்டுபிடிக்கணும்" என்றார். "இல்லைங்க"ன்னு சொல்லிட்டேன்.

17/
ஹியு யார், ஃப்ரெட் யார்னு எனக்குத் தெரிஞ்சது அதுக்குப் பல வருஷம் கழிச்சு. படிச்ச அன்னைக்கு அந்த மஞ்சள் பைதான் ஞாபகம் வந்துச்சு. சரி, கதைக்கு வருவோம்.

18/
1972ல ஃப்ரெட் ஊருக்குத் திரும்பினார். கைப்பற்றின ஆவணத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது விதிமீறல். எடுத்துட்டுப் போனார்.

அப்புறம் வேதியியல்ல முனைவர் பட்டம். எஃப்.பி.ஐ. ஆய்வகத்துல வெடிபொருள் நிபுணர் வேலை. அந்த ஆய்வகத்துல தடய அறிவியல் ஒழுங்கா நடக்கலைன்னு வருஷக்கணக்கா புகார் சொன்னவர் அவர். 1997ல வந்த அரசு விசாரணை அறிக்கை அவரோட புகார்கள்ல சிலதை உறுதி பண்ணுச்சு, சிலதை ஏத்துக்கல. அடுத்த வருஷம் அரசு அவருக்கு 10 லட்சம் டாலருக்கு மேல கொடுத்து வழக்கை முடிச்சுகிட்டது. சரின்னு பட்டதுக்காக விதியோட மோதறது அந்த மனுஷனுக்குப் பழக்கம்.

19/
அத்தனை வருஷமும் டைரி அவர்கிட்டயேதான் இருந்துச்சு. திருப்பிக் கொடுக்கணும்னு ஆசை. யார்கிட்ட? எப்படி? 1975ல போர் முடிஞ்சதும் அமெரிக்கா ஒன்றுபட்ட வியட்நாம் மேலயும் வர்த்தகத் தடை போட்டுடுச்சு. தூதரக உறவு கிடையாது. எஃப்.பி.ஐ.ல இருக்கிற ஒரு ஆள் கம்யூனிஸ்ட் நாட்டுப் பிரதிநிதிகள் கதவைத் தட்டறதெல்லாம் நினைச்சுப் பார்க்கவே முடியாது.

சிஸ்டர் கேட்ட "எப்படி விடறாங்க"வுக்கு வர்றேன். அந்தக் கதவு எப்படித் திறந்துச்சுன்னு சுருக்கமா பார்த்துடுவோம்.

20/
1981 டிசம்பர்ல முன்னாள் அமெரிக்க வீரர்கள் ஒரு சின்னக் குழுவா ஹனோய் போனாங்க. தலைமை பாபி முல்லர். வியட்நாம்ல முதுகுத்தண்டுல குண்டு பட்டு, சக்கர நாற்காலிக்கு வந்தவர். போர்ல காலை இழந்த ஊருக்கே பேசப் போனார். சொந்த நாட்டுல அவரைத் துரோகின்னு திட்டினவங்க உண்டு.

21/
வியட்நாம் பக்கமும் கணக்கு மாறுச்சு. 1979ல சீனாவோட போர். பொருளாதாரம் படுத்துடுச்சு. 1986ல டோய் மோய்னு ஒரு சீர்திருத்தம், சந்தையைத் திறந்தாங்க. அப்புறம் சோவியத் யூனியனே இல்லாமப் போச்சு. அமெரிக்காவோட வியாபாரம் தேவைப்பட்டது. அமெரிக்காவுக்குக் காணாமப் போன தன் வீரர்களைப் பத்தின விவரம் வேணும்.

1991 கடைசியில அமெரிக்கா குழுச் சுற்றுலாவுக்கு இருந்த தடையை எடுத்துச்சு. 1994 பிப்ரவரியில வர்த்தகத் தடை போச்சு. 1995 ஜூலை 11, தூதரக உறவு.

22/
1997ல முதல் அமெரிக்கத் தூதரா ஹனோய்க்கு அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? பீட் பீட்டர்சன். 1966ல விமானம் சுடப்பட்டு விழுந்து, வட வியட்நாம் சிறையில ஆறு வருஷத்துக்கு மேல இருந்த விமானி. தூதரா வந்த அதே வருஷம், தன்னைப் பிடிச்ச கிராமத்துக்கே போய், பிடிச்சவங்களைப் பார்த்தார்.

23/
1998 மார்ச்ல ஹ்யூ தாம்சன் மை லாய்க்குப் போனார். படுகொலை நடந்த காலையில தன் ஹெலிகாப்டரை அமெரிக்க வீரர்களுக்கும் ஊர்மக்களுக்கும் நடுவுல இறக்கி, சிலரைக் காப்பாத்தின விமானி அவர். 30 வருஷம் கழிச்சு, கூட இருந்த லாரி கோல்பர்னோட திரும்பிப் போனப்போ, அன்னைக்குப் பிழைச்ச பெண்களைச் சந்திச்சார்.

அதுல ஒரு அம்மா அவர்கிட்ட, இதைச் செஞ்சவங்க ஏன் உங்களோட வரலைன்னு கேட்டாங்களாம். தாம்சன் உடைஞ்சு போயிட்டார். பழி தீர்க்கிற கேள்வின்னு நினைச்சார். அந்த அம்மா வாக்கியத்தை முடிக்கல. வந்திருந்தா மன்னிச்சிருப்போமேன்னு முடிச்சாங்களாம்.

24/
இதைத் தாம்சன் பல மேடைகள்ல சொல்லியிருக்கார். இதை நான் ரொம்ப நாள் மன்னிப்பைப் பத்தின கதைன்னு நினைச்சுட்டு இருந்தேன். இப்போ வேற மாதிரி தோணுது. அந்த அம்மா கேட்டது ஏன் வரலைங்கிறதுதான். மன்னிக்கணும்னாலும் எதிர்ல ஒரு ஆள் வந்து நிக்கணுமே.

25/
2005 மார்ச். டெக்சாஸ்ல லப்பக் நகரத்துல டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம். அங்க வியட்நாம் போர் பத்தி ஒரு பெரிய ஆவணக் காப்பகம் இருக்கு. அங்க நடந்த மாநாட்டுல ஃப்ரெட்டும் அவர் சகோதரர் ராபர்ட்டும் டைரியைப் பத்திப் பேசினாங்க. ராபர்ட்டும் வியட்நாம்ல இருந்தவர், மனைவி வியட்நாமியர், மொழி படிக்கத் தெரிஞ்சவர். டைரியை உக்காந்து மொழிபெயர்த்தவர் அவர்தான். ரெண்டு நோட்டையும் காப்பகத்துக்கே கொடுத்தாங்க.

26/
மாநாட்டுல டெட் எங்கல்மேன்னு ஒரு போட்டோகிராஃபர். அவரும் போர்ல இருந்தவர். போர் முடிஞ்ச 30வது வருஷத்துக்கு அடுத்த மாசம் ஹனோய் போறதா இருந்தார். ஃப்ரெட் அவர்கிட்ட டைரியோட பக்கங்களை ஒரு சி.டி.ல போட்டுக் கொடுத்தார். குடும்பத்தைத் தேட முடியுமான்னு பாருங்கன்னு.

27/
ஹனோய்ல லேடி போர்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணியோட உதவி கிடைச்சது. வியட்நாம்ல பல வருஷம் தொண்டு வேலை செஞ்சவங்க. டைரியிலயே அப்பா, அம்மா பத்தின குறிப்புகள் இருந்ததால தேடல் ரொம்ப நாள் ஆகல. ஏப்ரல் முடியறதுக்குள்ள குடும்பம் கிடைச்சாச்சு. 35 வருஷமா பூட்டியிருந்த விஷயம், தேட ஆள் போனதும் சில நாள்ல முடிஞ்சுது.

அப்பா அதுக்குள்ள காலமாயிட்டார். அம்மா இருந்தாங்க, எண்பதைத் தாண்டி. மகள் டைரி எழுதினது, அது எதிரி கையில பத்திரமா இருந்தது, எதுவும் அதுவரைக்கும் வீட்டுக்குத் தெரியாது.

28/
2005 ஜூலையில வியட்நாம்ல டைரி புத்தகமா வந்துச்சு. தங்கை கிம் ட்ராம் தொகுத்தாங்க. அந்த ஊர்ல சில ஆயிரம் பிரதி வித்தாலே நல்ல விற்பனை. இது ஒரு வருஷத்துக்குள்ள 3 லட்சத்தைத் தாண்டுச்சு. வாங்கினதுல பெரும் பங்கு போருக்கு அப்புறம் பிறந்த பசங்க. பாடப்புத்தகத்துல வீரர்களைச் சிலை மாதிரி படிச்ச தலைமுறை. இங்க ஒரு டாக்டர் பயப்படறாங்க, அழறாங்க, அம்மாவைத் தேடறாங்க.

29/
அப்புறம்தான் ஆகஸ்ட் மாசம் ஃப்ரெட்டும் ராபர்ட்டும் ஹனோய் போனது.

யோசிச்சுப் பாருங்க. போனவங்க யார்? அந்த மகளைக் கொன்ன ராணுவத்தோட ஆள். அவ டைரியை அனுமதி இல்லாம வச்சிருந்தவர். அதுல தன்னைப் பத்தி, தன் நாட்டைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு வரிக்கு வரி தெரிஞ்சவர். அதோட அந்தத் தாய் வீட்டு வாசல்ல போய் நிக்கணும். முதல்முறை அந்த நாட்டுக்கு வந்தப்போ துப்பாக்கி இருந்துச்சு, பின்னாடி ஒரு படையே இருந்துச்சு. இந்த முறை எதுவும் இல்ல.

30/
அந்த அம்மா அவங்களைப் பிள்ளைங்க மாதிரி ஏத்துக்கிட்டாங்க. துய்யோட சமாதிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 1990லயே துய்யோட எலும்புகளை டுக் ஃபோவுலருந்து ஹனோய்க்குக் கொண்டு வந்து அடக்கம் பண்ணியிருந்தாங்க. ஃப்ரெட் அதுக்கப்புறம் அந்த அம்மாவை அம்மான்னே கூப்பிட ஆரம்பிச்சார்.

31/
இதோட நிறுத்தினா சினிமா மாதிரி இருக்கும் (2009ல நிஜமாவே படமா வந்துச்சு, இயக்குநர் டாங் நியாட் மின்). ஆனா எனக்கு இதைவிடப் பெரிசா படறது இரண்டாவது பயணம்.

அசல் டைரி ஹனோய்க்கு வரல. இன்னைக்கும் டெக்சாஸ்லதான் இருக்கு. குடும்பத்துக்குக் கிடைச்சது பிரதி மட்டும். அதனால 2005 அக்டோபர்ல அந்த அம்மா, மகள்களோட விமானம் ஏறி, அமெரிக்காவுக்கு, லப்பக் நகரத்துக்குப் போனாங்க.

32/
ஃப்ரெட் போனது தான் சண்டை போட்ட நாட்டுக்கு. இந்த அம்மா போனது தன் பிள்ளையைக் கொன்ன நாட்டுக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல. எண்பது வயசுக்கு மேல, பாதி உலகம் தாண்டி, ஒரு சின்ன நோட்டைக் கையால தொட. மகளோட கையெழுத்து, மகள் தச்ச பக்கங்கள். தொட்டாங்க. அழுதாங்க. அதை அந்தக் காப்பகத்துலயே பத்திரமா இருக்கவும் விட்டாங்க.

33/
இப்போ நேர்மையா மறுபக்கமும் சொல்லணும். இல்லாட்டி இது வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆயிடும்.

ஃப்ரெட் லப்பக்ல பேசின அதே 2005 மார்ச்ல, நியூயார்க் நீதிமன்றம் ஏஜென்ட் ஆரஞ்சு வழக்கைத் தள்ளுபடி பண்ணுச்சு. காட்டை அழிக்கத் தெளிச்ச களைக்கொல்லி, அதுல டையாக்சின். அதனால நோய் வந்ததுன்னு வியட்நாம் மக்கள் ரசாயன நிறுவனங்கள் மேல போட்ட வழக்கு அது. அமெரிக்க வீரர்களுக்கு 1984லயே நிறுவனங்கள் சமரசத் தொகை கொடுத்தாச்சு.

34/
டா நாங் விமான நிலைய மண்ணுல இருந்த டையாக்சினைச் சுத்தப்படுத்தற வேலையை அமெரிக்கா தொடங்கினது 2012ல. முடிஞ்சது 2018ல. பியன் ஹோவா தளத்துல இன்னும் பெரிய வேலை 2019ல தொடங்குச்சு. தெளிச்சு முடிச்சு நாப்பது வருஷம் கழிச்சு. ஒண்ணுமே செய்யாம விட்டதுக்கு இது பரவாயில்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

35/
காணாமப் போனவங்க கணக்கு. போர் முடிஞ்சப்போ அமெரிக்கத் தரப்புல சுமார் 2,600 பேர். அவங்க எலும்பைத் தேட வியட்நாம் தன் நாட்டையே திறந்து விட்டுச்சு. வியட்நாம் தரப்புல காணாமப் போனவங்க 2 லட்சத்துலருந்து 3 லட்சம்னு கணக்கு. துய்யோட அம்மாவுக்கு ஒரு சமாதியாவது இருந்துச்சு. லட்சக்கணக்கான அம்மாக்களுக்கு அதுவும் இல்ல.

36/
இன்னொண்ணு, இதைவிடக் கஷ்டமானது. அமெரிக்கர்களை வரவேற்ற அதே வியட்நாம், தோத்துப்போன தெற்கு வியட்நாம்காரங்களை, ஹியு மாதிரி ஆளுங்களை, அவ்வளவு சுலபமா ஏத்துக்கல. 1975க்கு அப்புறம் லட்சக்கணக்கானவங்க மறுகல்வி முகாம்களுக்குப் போனாங்க. லட்சக்கணக்கானவங்க படகுல தப்பி ஓடினாங்க. பியன் ஹோவால இருந்த தெற்கு வீரர்களோட கல்லறைத் தோட்டம் 2006 வரைக்கும் ராணுவக் கட்டுப்பாட்டுல இருந்துச்சு.

வெளியூர் எதிரியோட கை குலுக்கறது சில சமயம் சுலபம். பங்காளிச் சண்டைதான் ஆறாது. நமக்கே தெரியும்.

37/
சிஸ்டர், பதிலுக்கு வர்றேன்.

"எப்படி உள்ள விடறாங்க?" நாடுகள் விடறதுக்குக் காரணம் வியாபாரம், சீனா பயம், டாலர். அதுல தப்பும் இல்ல. ஆனா அந்தக் கணக்கு சரியாகறதுக்கு முன்னாடியே, 1981லயே, சக்கர நாற்காலியில ஒரு ஆள் போயிட்டார். கணக்கு சரியான பின்னாடியும் பத்து வருஷம் டைரி அமெரிக்காவுலயேதான் கிடந்துச்சு. கொண்டு போக ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு.

38/
"எப்படிப் போக மனசு வருது?" எல்லாருக்கும் வர்றதில்ல. நிறைய பேர் போகவே இல்ல. போனவங்கள்ல பலர் போட்டோ எடுத்துட்டு வந்துட்டாங்க, அதுவும் சரிதான். சிலர் மட்டும், தன்கிட்ட இருக்கிற எதிரியோட பொருள் ஒண்ணு உறுத்தி உறுத்தி, அதை உரியவங்ககிட்ட சேர்க்கப் போனாங்க.

துய் அந்த அமெரிக்கர்களை வெறுத்தாங்கன்னு ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? ஃப்ரெட் அந்த வரிகளைச் சேர்த்துத்தான் பத்திரமா வச்சிருந்தார். அந்த அம்மாவும் அந்த வரிகளைச் சேர்த்துப் படிச்சுட்டுத்தான் அவரை வீட்டுக்குள்ள கூப்பிட்டாங்க. யாரும் எதையும் அடிச்சுத் திருத்தல.

39/
டுக் ஃபோவுல இன்னைக்கு துய் பேர்லயே ஒரு மருத்துவமனை இருக்கு. ஊர்மக்களுக்கு சாதாரண வைத்தியம் பார்க்கிற இடம். அங்க போய் ஒரு நாள் நிக்கணும்னு எனக்கு ஆசை. ஹா லாங் விரிகுடா அப்புறம் பார்த்துக்கலாம்.

40/
கடைசியா என் விஷயம். அந்தப் போலீஸ்காரர்கிட்ட சொன்ன "இல்லைங்க"வை இனி திருப்பி வாங்க முடியாது. அந்தக் காகிதத்துல என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. கடன் கணக்கா, வீட்டுக்கு எழுதின லெட்டரா. எங்கயோ ஒரு அம்மா இன்னும் போன் வரும்னு உக்காந்திருக்கலாம்.

இப்போ என் டூட்டியில, அடையாளம் தெரியாதவங்க வந்தா, துணி மஞ்சள் பைக்குப் போறதுக்கு முன்னாடி பாக்கெட்டை நானே பார்க்கறேன். கிடைக்கிறது பஸ் டிக்கெட்டா இருந்தாலும் கவர்ல போட்டு, ஐ.பி. நம்பர் எழுதி, ரிஜிஸ்டர்ல ஏத்தி, கையெழுத்து வாங்கிக் கொடுக்கறேன். புதுசா வர்ற ஹவுஸ் சர்ஜன்களுக்கும் அதைத்தான் சொல்றேன். படிக்கத் தெரியலைன்னா தூக்கிப் போடாதீங்க. படிக்கத் தெரிஞ்சவங்க எங்கயாவது இருப்பாங்க.

காலையில ஓ.பி. இருக்கு. போய்த் தூங்கறேன்.